அணிலுக்குச் சேர வேண்டிய பல்

நான்காம் நாள் காலையிலும் பல் வெள்ளையாகவே இருந்தது.

சிறில் சார் தேக்கரண்டியைப் போத்தலுக்குள் விட்டு, கறுப்புச் சோடாவின் அடியில் கிடந்த அந்தச் சின்னப் பாற்பல்லை வெளியே எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. புதுச் சட்டைப் பொத்தான் போலப் பளபளத்தது.

"ஏன் கறுக்கல?" என்று பல்லிடமே கேட்டார்.

பக்கத்தில் இன்னொரு ஜாம் போத்தல். அதில் மலையிலிருந்து வரும் பீலியில் பிடித்த சுத்தமான தண்ணீர். அதற்குள் இருந்த பல்லோ பழுப்பேறி, நடுவில் ஓர் ஓட்டையோடு பரிதாபமாகக் கிடந்தது. முதல் போத்தலில் 'சோடா: பல்லுக்குக் கேடு' என்றும், இரண்டாவதில் 'தண்ணீர்: பல்லுக்கு நல்லது' என்றும் சிவப்பு மையில் அவரே எழுதி ஒட்டியிருந்தார். கண் உள்ள யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அன்றே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சோடாவுக்கு மாறிவிடுவார்கள்.

போட்டிக்கு இன்னும் ஏழே நாள்தான் இருந்தது.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மூன்று மைல் ஏற்றத்தில், தேயிலைக்கு நடுவில் இருக்கிறது ஆர்டன்ஹில் தோட்டப் பாடசாலை. ஒரே நீள மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் சிறில் சார் அதட்டினால் இரண்டாம் வகுப்பில் யாராவது அழுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இங்கேதான் படிப்பிக்கிறார். இத்தனை வருடத்தில் பரிசு என்று அவர் எதையும் வாங்கியதில்லை. ஒருமுறை ஆசிரியர் விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். ஓடியதே மூன்று பேர்தான்.

ஆனால் இந்தத் தடவை அவர் விடுவதாக இல்லை. கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் 'பல்லைக் காப்போம்' என்று ஒரு கண்காட்சிப் போட்டி வைத்திருந்தார்கள். முதலாவதாக வரும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருடம் முழுக்க, மாதம் ஒரு தடவை பல் வைத்திய வண்டி வரும். டொக்டர், நாற்காலி, மருந்து எல்லாம் வாசலுக்கே வந்துவிடும்.

அந்த வண்டிதான் அவருக்கு வேண்டும். போன வருடம் லோஜினி என்று ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சையில் தோட்டத்திலிருந்து முதன்முதலில் தேறப் போகிறவள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பரீட்சை நாளில் அவள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போய் வந்தாள். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எழுதினாள். நான்கு புள்ளி குறைந்து போயிற்று. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அம்மா ஒரு நாள் வேலையை விட வேண்டும் என்று கிழமைக்குக் கிழமை தள்ளிப்போட்ட பல் அது. முடிவு வந்த அன்று லோஜினியை விடச் சிறில் சார்தான் அதிகமாக அழுதார். அதிலிருந்து சோடாப் போத்தலைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

முதலில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பேசித்தான் பார்த்தார். அங்கேதான் முதல் சறுக்கல். தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு மதிப்பான ஆள் வந்துவிட்டால், பிள்ளையைக் கடைக்கு ஓடவிட்டுச் சோடா வாங்கி வந்து கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதுதான் மரியாதை. சிறில் சாரை விட மதிப்பான ஆள் யார் வரப்போகிறார்கள்?

"சோடா குடிக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் நான் வந்தேன் வீரம்மா" என்றார் முதல் வீட்டில்.

"சொல்லுங்க சார், நல்லாச் சொல்லுங்க. மொதல்ல இதக் குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று வீரம்மா ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிளாஸை நீட்டினாள்.

"வேணாம்மா."

"ஏன் சார்? எங்க வீட்டுல ஒங்க கை நனையாதா?"

வீரம்மாவின் முகம் வாடியதைப் பார்த்ததும் சார் கிளாஸை வாங்கிவிட்டார். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் எப்படி மறுப்பது? ஒன்பது வீடு, ஒன்பது கிளாஸ்.

"பிரசாரம் எப்படிப் போச்சுங்க?" என்று வீட்டில் மனைவி நிரோஜினி கேட்டாள்.

சிறில் சார் வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

சொல்லி வேலைக்காகாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தார். ஒரு பல்லைச் சோடாவிலும் இன்னொன்றைத் தண்ணீரிலும் போட்டுப் பத்து நாள் வைப்பது, கண்காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது. இதுதான் திட்டம். போத்தல் இருந்தது, சோடா இருந்தது. பல்தான் இல்லை.

ஏனென்றால் தோட்டத்தில் விழுந்த பல்லை யாரும் வைத்திருப்பதில்லை. லயத்துத் தகரக் கூரை மேலே எறிந்து, 'அணிலே, என் பல்ல எடுத்துக்க, புதுப் பல்லக் குடு' என்று சத்தம் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு அது அணிலின் சொத்து.

நான்காம் வகுப்பு கிஷாந்த் மட்டும் தன் பல்லைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான். மூன்று வேளையும் சோடா குடிக்கிற பையன். "இத அணில் வாங்காது சார், நீங்களே வச்சுக்கங்க" என்றான். ஓட்டை விழுந்த அந்தப் பல்லுக்குத் தண்ணீர் போத்தல்தான் கிடைத்தது. பத்து நாள் தண்ணீரில் ஊறினால் கொஞ்சமாவது வெளுக்கும் என்பது சாரின் நம்பிக்கை.

இரண்டாவது பல் வீரம்மாவின் மகள் தனுஷிகாவுடையது. இரண்டாம் வகுப்பு. இடைவேளையில் கொய்யாக்காயைக் கடித்தபோது, வாயில் ஆடிக்கொண்டிருந்த முன்பல் காயோடு போய்விட்டது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் பல். சிறில் சார் ஓடிப்போய்க் கையை நீட்டினார். தனுஷிகா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இது அணிலுக்கு சார்."

"பத்து நாளைக்கு இரவலாக் குடும்மா. போட்டி முடிஞ்சதும் திருப்பித் தந்திர்றேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"இப்புடியே தருவீங்களா?"

சிறில் சார் முகட்டைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். சோடாவில் ஊறிய பல் எப்படி வரும் என்று தெரிந்துகொண்டே சொன்ன பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை நினைத்துக் கொஞ்சம் நெளிந்தார். ஆனாலும் ஒரு வண்டிக்காக ஒரு பல்லைப் பலி கொடுப்பதில் தவறில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

இப்போது அந்தப் பல்தான் பலியாக மறுத்துக்கொண்டிருந்தது.

சோடாவில் காரம் போய்விட்டது, அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார். அன்றிலிருந்து தினமும் பொன்னையாவின் கடையில் ஒரு பெரிய போத்தல் புதிதாக வாங்கினார். பொன்னையா முதல் நாள் ஆச்சரியப்பட்டார், இரண்டாம் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் கேட்டே விட்டார்.

"சார், வீட்டுல அம்மாவுக்குத் தெரியாமக் குடிக்கிறீங்களா?"

"இது ஆராய்ச்சிக்குய்யா!"

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

அடுத்த நாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்கப் போகிற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. பின்னேரம் கடை வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்று, "சிறில் சார் குடிக்கிற சோடா ஒண்ணு" என்று பெயர் சொல்லி வாங்கினார்கள். பொன்னையாவின் கடையில் அந்தச் சோடா அதற்கு முன் அப்படி விற்றதே இல்லை. நன்றிக்கடனாகச் சாருக்கு ஒரு போத்தல் இனாமாக அனுப்பி வைத்தார்.

பல் வெள்ளையாகவே இருந்தது.

சீனி போதவில்லையோ என்று தோன்றியது. நாலு கரண்டி சீனியைக் கொட்டி, ஒரு தேசிக்காயையும் பிழிந்துவிட்டார். மறுநாள் காலை அலுமாரியைத் திறந்தபோது எறும்பு ஊர்வலம். அது போத்தலோடு நிற்கவில்லை. கீழ்த் தட்டில் இருந்த வரவு இடாப்பு, பிள்ளைகளுக்குப் பல் விளக்கக் காட்டிக் கொடுப்பதற்காகச் சுகாதாரப் பிரிவு தந்திருந்த பற்பசை டியூப்கள், அதிபர் இராசம்மா டீச்சரின் மதிய ரொட்டி என்று எல்லாவற்றையும் பார்வையிட்டிருந்தது.

"எறும்புக் கண்காட்சின்னு பேர மாத்திருவமா சார்?" என்று இராசம்மா டீச்சர் ரொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு நாள் பொறுங்க டீச்சர்."

"பொறுக்கிறேன். ஆனா ஒண்ணு, பேஸ்ட்டு டியூப்பும் ஒண்ணு பாதியாயிருச்சு. எறும்பு பேஸ்ட்டுத் திங்குமா?"

அதைக் கேட்டதும்தான் சிறில் சார் சோடாப் போத்தலை உற்றுப் பார்த்தார். அதிலும் மட்டம் ஒரு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. யாரோ கை வைக்கிறார்கள்!

மதியம் வகுப்பைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அலுமாரிக்குப் பின்னால் பதுங்கி நின்றார். பத்தாவது நிமிடம் பாடசாலைக் காவல்காரர் சுமன் வந்தார். அங்கும் இங்கும் பார்த்தார். போத்தலை எடுத்து, அண்ணாந்து, ஒரு மடக்குக் குடித்தார்.

"சுமன்!"

"சார்... சும்மா வீணாப் போகுதேன்னு..."

"யோவ், உள்ள பல்லு கெடக்குய்யா!"

"பல்லா? யாரு பல்லு?"

"தனுஷிகா பல்லு!"

சுமன் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. "கற்கண்டுன்னு நெனச்சேன் சார். முந்தாநாளு ஒரு கடி கடிச்சும் பாத்தேன். கெட்டியா இருந்துச்சு, திருப்பிப் போட்டுட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அன்று முழுக்க அவர் பீலியடியில்தான் இருந்தார். பேஸ்ட்டையும் அவர்தான் தின்றிருக்க வேண்டும் என்று இராசம்மா டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தான் பேஸ்ட்டைத் தொடவே இல்லை என்று சுமன் மாரியம்மன் பேரில் சத்தியம் செய்ததை யாரும் நம்பவில்லை.

சிறில் சார் உடனே ஒரு பூட்டு வாங்கி அலுமாரிக்குப் போட்டார். சாவியை யாரிடம் கொடுப்பது? அவர் பெட்டிகளைத் தேடினால் போன வருடத்துச் சாவி கிடைக்குமே தவிர, இந்த வருடத்துச் சாவி கிடைக்காது. சுற்றிலும் பார்த்தார். இரண்டாம் வகுப்பு மூலையில், வாங்கின் நுனியில் உட்கார்ந்து, அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள் தனுஷிகா. காலையில் முதல் ஆளாக வருகிறவளும் அவள்தான், மணி அடித்த பிறகும் கடைசி ஆளாக நிற்கிறவளும் அவள்தான்.

"தனு, இங்க வாம்மா. இது ஒம்பல்லு. இனி நீதான் இதுக்குக் காவல். சாவி ஒங்கிட்டத்தான் இருக்கும். யாரையும் கிட்ட விடக் கூடாது."

"நானே தொறக்கலாமா சார்?"

"நீதான் தொறக்கணும்."

தனுஷிகாவின் முகம் பல் விழுந்த இடைவெளியோடு மலர்ந்தது. "நீங்க கவலப்படாதீங்க சார். நான் நல்லாப் பாத்துக்குவேன்" என்று சாவியைக் கவுன் பைக்குள் போட்டு மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். இப்படி ஒரு பொறுப்பான பிள்ளையா என்று சாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதற்குப் பிறகு மட்டம் இறங்கவில்லை, எறும்பு வரவில்லை. பல்லும் கறுக்கவில்லை. இன்னும் வெள்ளையானது போல்கூட இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம், சிறில் சார் இரண்டு போத்தலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு கன்னத்தில் கையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்காவது அந்தப் பல் தன் கண் முன்னால் கிடக்கட்டும் என்று நினைத்தார். ஆனால் தனுஷிகாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"என்னம்மா?"

"காவலுக்கு சார்" என்றாள்.

அவளை அனுப்பிவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் சோடாப் போத்தலைத் தானே பத்திரமாக வைத்திருந்து காலையில் வேனுக்குக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டுதான் போனாள்.

"இருக்குறது ஒரே வழிதான்" என்றாள் நிரோஜினி, பிளேன்டீயை வைத்துவிட்டு. "காலையில வேன்ல ஏறுனதும் பேப்பர மாத்தி ஒட்டிருங்க. வெள்ளப் பல்லுக்குத் தண்ணி, ஓட்டப் பல்லுக்குச் சோடா. கிஷாந்த் பல்ல ஓட்டையாக்குனதும் சோடாதானே? பொய்யும் இல்ல."

சிறில் சாருக்குக் கை குறுகுறுத்தது. பசைப் போத்தலைக்கூட எடுத்துவிட்டார். லோஜினியின் வீங்கிய கன்னம் கண் முன்னால் வந்தது. வண்டி வந்தால் போதும், எப்படி வந்தால் என்ன?

பிறகு பசைப் போத்தலை மூடி வைத்தார்.

"இருவத்திரெண்டு வருசமா பாத்து எழுதாதே, பாத்து எழுதாதேன்னு புள்ளைங்க காதத் திருகியிருக்கேன் நிரோ. இப்ப நான் மாத்தி ஒட்டுனா என் காத யாரு திருகுறது?"

"நான் திருகுவேன்" என்றாள் நிரோஜினி. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஹட்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் கண்காட்சி. பதினேழு பள்ளிக்கூடம். சிறில் சார் சுற்றிப் பார்த்தார். எந்த மேசையைப் பார்த்தாலும் சோடாவில் போட்ட பல் கரித்துண்டாக இருந்தது. கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்த பிரதாப் சார் ஒரு ஆள் உயரத்துக்குத் தெர்மோகோலில் வாய் செய்து, உள்ளே சிவப்பு விளக்குப் போட்டிருந்தார். அவருடைய பல் கறுத்தது மட்டுமில்லை, தொட்டால் உதிர்ந்தது.

பிரதாப் சார் ஆர்டன்ஹில் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சார், ஒங்க தோட்டத்துச் சோடாவுல வைட்டமின் கலந்திருக்காங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிறில் சார் சோடாப் போத்தலைப் பூச்சாடிக்குப் பின்னால் மெல்ல நகர்த்தினார். தனுஷிகா அதை மெல்ல முன்னால் நகர்த்தி வைத்தாள். பேச்சுச் சொல்வதற்காக அவளைத்தான் கூட்டி வந்திருந்தார். 'சோடா பல்லின் எதிரி, சோடா உடலின் எதிரி' என்று தொடங்கும் நீண்ட பேச்சு.

நடுவராக வந்தவர் டொக்டர் கிருஷாந்தி. உயரமான அம்மா, முகத்தில் சிரிப்பே கிடையாது. ஒவ்வொரு மேசையிலும் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு வந்தார். மூன்று மேசை இருக்கும்போது சிறில் சார் மேசை விரிப்பை இழுத்து நேராக்கினார். இரண்டு மேசை இருக்கும்போது பூச்சாடியை இடம் மாற்றி வைத்தார். ஒரு மேசை இருக்கும்போது, "தனு, கேட்டதுக்குப் பதில் சொல்லு, பொய் சொல்லாத. நான் தண்ணி குடிச்சிட்டு வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியேறினார். இது கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் கால் நிற்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது டொக்டர் போய்விட்டிருந்தார்.

"என்னம்மா கேட்டாங்க?"

"இது யாரு பல்லுன்னு கேட்டாங்க சார். என் பல்லுன்னேன். வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தாங்க. பல்லு இருந்த எடம் சரியா இருக்குன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நெறையக் கேட்டாங்க. நான் உள்ளதச் சொன்னேன்."

"பேச்சுச் சொன்னியா?"

"கேக்கல சார்."

"கடைசில என்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சாங்க."

சிறில் சார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிக்காத டொக்டரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார் என்றால் கதை முடிந்தது. வண்டி போயிற்று. தனுஷிகாவின் வாயில் இனி முளைக்கப் போகிற பல்லுக்கும் டிக்கோயாவுக்கு இரண்டு பஸ்தான்.

முடிவு சொல்ல டொக்டர் மேடைக்கு ஏறினார். மூன்றாம் இடம் யாருக்கோ. இரண்டாம் இடம் பிரதாப் சாருக்கு. பிரதாப் சார் நம்ப முடியாமல் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார்.

"முதலாம் இடம்" என்றார் டொக்டர். "பதினாறு பள்ளிக்கூடம் சோடா பல்லை என்ன செய்யும்னு காட்டுனீங்க. நல்லாக் காட்டுனீங்க. ஆனா அது நான் தினமும் பாக்குறதுதான். ஒரே ஒரு பள்ளிக்கூடம் மட்டும், ஒரு பிள்ளை தன் பல்லை என்ன செய்யணும்னு காட்டிருச்சு. இருபது வருசமா நான் படிப்பிக்கப் பாக்குறதும் அதைத்தான். நோட்டன் பிரிட்ஜ், ஆர்டன்ஹில் தோட்டப் பாடசாலை!"

மண்டபம் கைதட்டியது. சிறில் சார் கைதட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. தனுஷிகா அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். கேடயத்தை வாங்கும்போது டொக்டர், "நல்ல பிள்ளைங்கள வளத்திருக்கீங்க சார். அடுத்த மாசம் மொத கிழமை வண்டி வரும்" என்று கையைக் குலுக்கினார். சிறில் சாருக்கு அழுகை வந்துவிட்டது. மேடையிலேயே, எல்லோருக்கும் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார்.

வேன் மலை ஏறும்போது அழுகை போய்ப் பெருமை வந்தது. ஹட்டனைத் தாண்டும்போது, 'ஏதோ நம்முடைய அதிர்ஷ்டம்' என்று நினைத்தார். பாதி வழியில், 'உழைப்பு வீண் போகாது' என்று நினைத்தார். நோட்டன் பிரிட்ஜ் வந்தபோது, இந்த வெற்றிக்கு முழுக் காரணமும் தன்னுடைய விஞ்ஞான முறைதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பாடசாலை வாசலில் தோட்டமே கூடியிருந்தது. தப்பு அடித்தார்கள். சீனவெடி கொளுத்தினார்கள். நிரோஜினி முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அவர் கையைப் பிடித்தாள். வேலை முடிந்து கொழுந்துக் கூடையோடு வந்த வீரம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். லோஜினியும் ஹட்டன் பள்ளிக்கூடத்துச் சீருடையோடு வந்து கூட்டத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் சார் கேடயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

பொன்னையா ஒரு பெட்டிச் சோடாவைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார். முதல் போத்தலை உடைத்துக் கிளாஸில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், இன்னைக்கு நீங்க இதக் குடிச்சே ஆகணும்."

பிள்ளைகள் எல்லாம் சாரின் வாயைப் பார்த்தார்கள். சிறில் சார் கிளாஸை வாங்கினார். வீரம்மாவைப் பார்த்தார். அன்று ஒன்பது வீட்டில் வராத வார்த்தை இன்று வந்தது.

"பொன்னையா, எம்மேல மரியாத இருந்தா எனக்கு ஒரு சாயத்தண்ணி போட்டுக் குடுங்க. நாம பறிக்கிற கொழுந்துல, நாம போடுற தண்ணி. வேற எதுக்கும் நான் வாய் தொறக்க மாட்டேன்."

வீரம்மா, "எங்க வீட்டுல கேத்தல் அடுப்புலதான் இருக்கு!" என்று சத்தம் போட்டாள். "எங்க வீட்டுலயும்!" என்று இன்னொரு குரல். அன்று அந்த வாசலில் நூறு கிளாஸ் சாயத்தண்ணி ஓடியது. பிள்ளைகள்கூடச் சோடாப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிஷாந்த் மட்டும் இரண்டு தடவை பார்த்தான், பிறகு அவனும் கிளாஸை நீட்டினான். பொன்னையா பெட்டியை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டு, "அப்ப நாளையிலருந்து தேயிலப் பக்கட்டுத்தான் போல" என்று முனகிக்கொண்டே போனார்.

சிறில் சார் வாங்கு மேலே ஏறி நின்று பேசினார். சோடாவின் காரம், சீனியின் அளவு, பூட்டின் அவசியம் என்று விளக்கினார். சுமனின் பெயரைச் சொல்லாமல் சுமனைப் பற்றியும் சொன்னார். எல்லாம் கண்காணிப்பில் இருக்கிறது, விஞ்ஞானம் என்பது பொறுமை, ஒரு ஆராய்ச்சியாளன் தன் போத்தலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கீழே இறங்கியதும் தனுஷிகா வந்து கையை நீட்டினாள்.

"சார், பல்லு."

சாருக்குச் சுருக்கென்றது. கொடுத்த வாக்கு. போத்தலைத் திறந்து பல்லை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைக் கவுனில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். லயத்துக் கூரைப் பக்கம் திரும்பினாள். சாருக்கு மனது கேட்கவில்லை.

"தனு, பத்து நாளாச் சோடாவுல கெடந்த பல்லும்மா அது. அணில் எடுக்கலன்னா என்னையத் திட்டக் கூடாது."

தனுஷிகா திரும்பி, பாவம் இந்தச் சாருக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல அவரைப் பார்த்தாள்.

"அது எங்க சார் சோடாவுல கெடந்துச்சு? நீங்க பாக்க வர்றப்ப மட்டுந்தான் உள்ள போடுவேன், நீங்க அங்கிட்டுப் போனதும் எடுத்துப் பேஸ்ட்டுப் போட்டு வெளக்கி வீட்டுக்குக் கொண்டு போயிருவேன், டொக்டரம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன்!"